எழுபத்திரண்டில் நின்ற திரை

மார்ச் 3, செவ்வாய்

மூன்றாம் மாடி பிரிண்டர் காலையிலிருந்து உயிரை வாங்கிவிட்டது. கடைசியில் பார்த்தால் யாரோ நாற்காலிக் காலால் கேபிளை நசுக்கி வைத்திருக்கிறார்கள். இந்த ஆஸ்பத்திரியில் நெட்வொர்க் பார்க்கும் வேலை என்று பெயர். பாதி நாள் நாற்காலி நகர்த்துவதுதான் வேலை.

நடுவில் இதய வார்டிலிருந்து போன். "சார், மேசையில படம் நின்னுடுச்சு." அங்கே கண்ணாடிக் கதவு போட்ட பத்து அறைகள். ஒவ்வொரு படுக்கைக்கும் ஒரு மானிட்டர். பத்து பேரின் இதயத் துடிப்பும் கேபிள் வழியாக வந்து நர்ஸ் மேசையில் உள்ள ஒரே பெரிய திரையில் பத்து கோடுகளாக ஓடும். நான் படியேறிப் போய்ச் சேர்ந்தபோது பத்தும் சமத்தாக ஓடிக்கொண்டிருந்தன. போன மாதமும் இப்படித்தான்.

"நீங்க வந்தாலே சரியாகிடுது சார். உங்க போட்டோ ஒண்ணு குடுங்க, மாட்டி வெச்சுக்கறோம்" என்றாள் புதிதாக வந்த நர்ஸ். எல்லாரும் சிரித்தார்கள். அந்த வார்டின் பகல் பொறுப்பு நர்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவள் என் மனைவி. "போட்டோ வேண்டாம், வீட்ல நேர்லயே பார்த்து அலுத்துப்போச்சு" என்றாள்.

புகாரில் 'குறை எதுவும் இல்லை' என்று போட்டு மூடினேன்.

மார்ச் 6, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவைக்கிறேன்.

அவள் வேலை முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கேஸ் அடுப்பு எரிகிறது, மேலே ஒன்றும் இல்லை. நான்தான் அணைத்தேன். "ஒன்பது" என்றாள். எனக்குப் புரியவில்லை. ஒன்பதாம் படுக்கை. ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், இவள் மாத்திரைக்காகத் திட்டுவதால் இவளை டீச்சர் என்று கூப்பிடுகிற பெரியவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவருக்கு இதயம் நின்றிருக்கிறது. மேசையில் மணி அடிக்கவில்லை. வார்டு உதவியாளர் சக்கரை அக்கா அறைக்குள் தற்செயலாகப் போய்ப் பார்த்துக் கத்திய பிறகுதான் எல்லாரும் ஓடியிருக்கிறார்கள். இதயத்தை மறுபடி ஓடவைத்துவிட்டார்கள். ஆள் கண் திறக்கவில்லை.

"நான் மேசையிலதாங்க இருந்தேன். எழுபத்திரண்டுன்னு காட்டுச்சு. பார்த்தேன். எழுபத்திரண்டு."

இதையே மகள் தூங்கப் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 7, சனி

ஒன்பதாம் படுக்கைப் பெரியவர் காலையில் போய்விட்டார்.

மார்ச் 10, செவ்வாய்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருந்திருக்கத்தான் முடியுமா? கூப்பிட்டுக் கேட்டார்களே.

விசாரணை. கண்காணிப்பாளர் டாக்டர், மேட்ரன், என் மேலாளர், இறந்தவரின் மகன், ஓரமாக அவள். மேலாளரை நாங்கள் முதுகுக்குப் பின்னால் 'ஆகட்டும் சார்' என்போம். எதைக் கேட்டாலும் ஆகட்டும் பார்க்கலாம் என்பார், பார்க்கமாட்டார். படுக்கை பக்கத்து மானிட்டருக்கு நினைவு உண்டு. அது பெரியவரின் துடிப்பு விழுந்த நேரத்தையும், தான் கத்திய நேரத்தையும் குறித்து வைத்திருக்கிறது. அறைக் கதவு மூடியிருந்தது. நோயாளி தூங்கட்டும் என்று அங்கே ஒலியைக் குறைத்து வைப்பதுதான் வழக்கம், மேசையில்தான் பலமாக அடிக்கும். ஆறு நிமிடம் யாரும் வரவில்லை. மேசைத் திரையோ பழைய சாதனம். வந்ததைக் காட்டும், எதையும் நினைவில் வைத்துக்கொள்ளாது.

"அந்த நேரத்துல நெட்வொர்க் அறுந்துதா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

கட்டிடத்தின் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் நெட்வொர்க் ஸ்விட்சின் பதிவை ஐந்து முறை பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். அந்த வார்டின் இணைப்பு அன்று முழுக்க ஒரு நொடிகூட விழவில்லை. அதைத்தான் சொன்னேன். ரெண்டு தடவை படம் நிற்கிறது என்று புகார் வந்தது, போய்ப் பார்த்தேன், குறை தெரியவில்லை என்றும் சொன்னேன். அவர்கள் காதில் 'குறை இல்லை' மட்டும்தான் விழுந்தது.

"அப்போ நெட்வொர்க் நல்லா இருந்திருக்கு. ஆகட்டும்" என்றார் ஆகட்டும் சார். அவருக்கு ஒரு சுமை இறங்கிவிட்டது. பாரம் எங்கே போய் இறங்கியது என்று எல்லாருக்கும் தெரிந்தது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 12, வியாழன்

அவளுக்கு சஸ்பெண்ட். இறுதி விசாரணை 26-ம் தேதி. குற்றச்சாட்டில் எழுதியிருப்பது: பணி நேரத்தில் உறங்கியது. உறங்கியது. மதியம் சாப்பிட்ட பிறகு, வெளிச்சத்தில், பத்து பேர் நடமாடும் இடத்தில். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தவள் இல்லை அவள்.

மகள் பள்ளியிலிருந்து வந்ததும் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பில் ஒரு பெண்ணின் அப்பா எங்கள் ஆஸ்பத்திரி மருந்துக் கடையில் இருக்கிறார்.

"அம்மா தூங்கிட்டாங்களாப்பா?"

கணக்குப் பாடம் முடிச்சியா என்று கேட்டேன். என்ன அப்பன் நான்.

மார்ச் 13, வெள்ளி

வீட்டில் பேச்சே இல்லை. உப்பு எடுங்க, கதவைச் சாத்துங்க. அவ்வளவுதான்.

மார்ச் 15, ஞாயிறு

இவள் தூங்குவதே இல்லை. காலையில் எழுந்து வந்தால் சோபாவில் நேராக உட்கார்ந்திருக்கிறாள், போர்வை மடித்தது மடித்தபடி. கண்ணுக்குக் கீழே கருப்பு. கொஞ்சம் படு என்றால், "படுத்தா கண்ணு மூடிடும்" என்கிறாள். மூடத்தானே படுப்பது?

இன்று துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "ஏங்க, நான் நிஜமாவே கண்ணசந்துட்டேனோ?"

"பைத்தியமா உனக்கு?"

"இல்லங்க. யோசிச்சுப் பார்க்கறேன். எழுபத்திரண்டு பார்த்தது அந்த நேரத்துலயா, அதுக்கு முன்னாடியான்னு இப்போ எனக்கே தெரியலை. எல்லாரும் சொல்றாங்க. உங்க மெஷினும் சொல்லுது. நான் மட்டும் இல்லைங்கறேன்."

வேலை போனால் வேறு வேலை. இவள் தன்னையே நம்பாமல் போனால் எங்கே போய்த் தேடுவது? என் மெஷின் சொல்கிறதாம். என் மெஷின்.

மார்ச் 17, செவ்வாய்

முட்டாள். முட்டாள். நான் கேட்டது தப்பான கேள்வி.

இணைப்பு விழுந்ததா என்றுதான் ஸ்விட்சைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். இன்று வேறு ஒன்றைப் பார்த்தேன். கேபிள் சொருகும் ஒவ்வொரு துளைக்கும் அது சில எண்ணிக்கைகளை வைத்திருக்கும். எப்போது என்று சொல்லாது, மொத்தம் எத்தனை என்று மட்டும். மற்ற துளைகளில் எல்லாம் 'மோதல்' என்ற இடத்தில் பூஜ்யம். இதய வார்டுத் துளையில் ஏழு இலக்க எண்.

மோதலா? இந்தக் கட்டிடத்திலா?

ஸ்விட்ச் போட்ட இடத்தில் மோதலே கூடாது. ஸ்விட்சுக்கு யார் எந்தத் துளையில் இருக்கிறார்கள் என்று தெரியும், நாலாம் படுக்கையின் செய்தியை மேசைக்கு என்றால் மேசைக்கு மட்டும் கொடுக்கும். அதற்கு முந்தின தலைமுறை ஹப். அதற்கு மூளை கிடையாது. ஒரு துளையில் கேட்டதை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே கத்தும். ஒரே அறையில் எல்லாரும் பேசுகிற மாதிரி. இருவர் ஒன்றாக வாய் திறந்தால் இரண்டு பேச்சும் கெடும், இருவரும் நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதுதான் மோதல்.

ஆக, அந்த வார்டுக்கும் என் ஸ்விட்சுக்கும் நடுவில் எங்கேயோ ஒரு ஹப் இருக்கிறது. வரைபடத்தில் இல்லை. நான் சேருவதற்கு முன்பு வார்டைப் புதுப்பித்தபோது எல்லாம் மாற்றியாகிவிட்டது என்று ஆகட்டும் சார் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மார்ச் 19, வியாழன்

இருக்கிறது.

ஏசி வடிகால் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி ஏணி வாங்கினேன். வார்டு நடைபாதைக்கு மேலே ஃபால்ஸ் சீலிங் பலகையைத் தள்ளித் தலையை நீட்டினால், இந்த ஆஸ்பத்திரி நெட்வொர்க்கின் மொத்த வயதும் அங்கேயே கிடக்கிறது. முதலில் விரல் தடிமனுக்குக் கருப்புக் கேபிள், டிவி ஆன்டெனா கேபிளுக்கு அண்ணன். ஆதியில் ஒரே கேபிள்தான் கட்டிடம் முழுக்க ஓடும், கம்ப்யூட்டர்கள் எல்லாம் வழியில் அதில் தொற்றிக்கொள்ளும். நடுவில் எங்கே அறுந்தாலும் எல்லாருக்கும் போச்சு. கடைசி முனையில் ஒரு சின்ன மூடி இருக்கும். அந்த மூடி கழன்றால் முனைவரை போன சமிக்ஞை திரும்பி வந்து எதிரே வருவதில் மோதும், மொத்தக் கட்டிடமும் ஊமையாகிவிடும். அந்த மூடி இன்னும் பத்திரமாகத் திருகியபடி இருக்கிறது, செத்த கேபிளுக்குத் தொப்பி மாதிரி. அதற்குப் பக்கத்தில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட சாம்பல் நிறப் பெட்டி. தூசிக்குள் பச்சை விளக்குகள் மினுக்கிக்கொண்டிருந்தன. ஹப். உயிரோடு.

புதுப்பித்தவன் செய்த வேலை புரிந்துவிட்டது. அறைச் சுவர்களிலிருந்து வந்த பழைய ஒயர்கள் புதிய ஸ்விட்ச் அறைவரை எட்டவில்லை. மறுபடி இழுக்கச் சோம்பல். ஹப்பை மேலேயே விட்டு, அதிலிருந்து ஒரே ஒரு கேபிளை ஸ்விட்சுக்குக் கொண்டுவந்து, பலகையை மூடிவிட்டான். வார்டுக்குள் என்ன கூத்து நடந்தாலும் என் ஸ்விட்சுக்குத் தெரிந்தது அந்த ஒரு கேபிள் மட்டும்தான். அது விழவே இல்லை. அதனால்தான் பதிவு சுத்தமாக இருந்தது.

ஏணியிலிருந்து இறங்கும்போது சிரித்தேன். சக்கரை அக்கா கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரையும் சக்கரை என்றுதான் கூப்பிடுவார், பெரிய டாக்டர் உட்பட. "என்ன சக்கரை, மேல புதையலா?" என்றார். ஆமாம் அக்கா என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

புதையலாவது மண்ணாவது.

ஹப் இருக்கிறது, சரி. இருந்தால் என்ன? எத்தனையோ வருடமாக அது பாட்டுக்கு ஓடுகிறது. மோதல் கொஞ்சம் நடக்கும், பொறுத்துத் திரும்பச் சொல்லும், வேலை நடக்கும். ஆறு நிமிடம் பத்துப் படுக்கையும் சேர்ந்து வாயடைத்துப்போக ஏதாவது நடந்திருக்க வேண்டும். என்ன? மின்சாரமா? மின்சாரம் போயிருந்தால் என் பக்கம் இணைப்பு விழுந்திருக்கும். சூடா? ஒயரை ஆட்டினேன், பிடுங்கினேன், சொருகினேன். ஒன்றும் இல்லை. ஓடுகிறது. சனியன் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஆகட்டும் சாரிடம் சொன்னேன். முகம் வெளிறிவிட்டது. எழுந்து கதவைச் சாத்தினார்.

"செவ்வாய்க்கிழமை புது ஸ்விட்ச் ஒண்ணு மாட்டிடலாம். பழசைக் கழட்டிடு. யாருக்கும் தெரிய வேண்டாம்பா."

"சார், அது போயிட்டா என் மனைவிக்குச் சொல்ல வேற எதுவுமே இல்லை."

"இருக்கறதை வெச்சு மட்டும் என்ன சொல்லப்போற? ஹப் இருந்துது, ஆனா நல்லா ஓடுதுன்னா?"

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒரு வேலைக்குத் தேதி குறித்திருக்கிறார்.

மார்ச் 22, ஞாயிறு

மேட்ரன் வீட்டுக்கு வந்திருந்தார். கெட்டவர் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினார். களைப்பில் கண்ணசந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் எச்சரிக்கையோடு வேறு வார்டுக்கு மாற்றிவிடுவார்களாம். இல்லை என்று நின்றால் மேலே அனுப்புவார்களாம், நர்ஸ் பதிவிலிருந்தே பெயரை எடுத்தாலும் எடுத்துவிடுவார்களாம்.

அவர் போனதும் இவள் பேனாவை எடுத்தாள்.

"என்ன பண்றே?"

"எழுதிக் குடுத்துடறேன். முடிஞ்சுடும்."

"தூங்காததைத் தூங்கினேன்னு எழுதுவியா?"

"தூங்கலைன்னு உங்களுக்குத் தெரியுமா? சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும்டி என்று கத்தினேன். "அன்னிக்கு அங்க ஏன் சொல்லலை?" என்றாள். மெதுவாகத்தான் கேட்டாள். அறைந்தமாதிரி இருந்தது. மகள் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

நான் இவளைக் காப்பாற்றத் தேடுகிறேனா, இல்லை அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத் தேடுகிறேனா? எதுவோ. தேடுவதற்கும் நாளை ஒரு நாள்தான் மிச்சம். எழுதிய தாளைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறாள், வியாழக்கிழமை கொடுப்பதற்கு.

மார்ச் 23, திங்கள்

கண்டுபிடித்துவிட்டேன். கடவுளே, கண்டுபிடித்துவிட்டேன்.

காலையிலிருந்து வார்டு மேசையருகே ஸ்டூல் போட்டு, திரையைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே சீலிங் பலகையைத் திறந்தே வைத்திருந்தேன், ஹப் விளக்குகள் தெரிய. நர்ஸ்கள் பாவம் பார்த்து டீ கொடுத்தார்கள். மதியம்வரை ஒன்றும் இல்லை. என்னத்தைப் பார்க்கிறோம் என்றே மறந்து போச்சு.

நாலாம் படுக்கையை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக ஸ்ட்ரெச்சர் வந்தது. மானிட்டரும் ஆளோடு போகும். அதன் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றினார்கள். ஒரு முனை சுவரில், மறு முனை தரையில். வண்டி போனது. சக்கரை அக்கா குனிந்து தரையில் கிடந்த முனையை எடுத்தார், துடைத்தார், சுவரில் பக்கத்துச் சாக்கெட்டில் 'டிக்' என்று சொருகினார். ஒவ்வொரு அறையிலும் சுவரில் இரட்டைச் சாக்கெட், ஒன்று காலியாக இருக்கும். கேபிள் அழகாக வளையம் போல சுவரில் நின்றது.

நிமிர்ந்து பார்த்தேன். ஹப்பின் விளக்குகள் மினுக்குவதை நிறுத்தி எல்லாம் ஒரே மாதிரி எரிந்தன. திரையைப் பார்த்தேன். கோடுகள் அப்படியே நின்றன. எண்களும் நின்றன. ஓடுகிற மாதிரியே, நல்ல எண்களாக, நின்றன. ஏழாம் படுக்கை எண்பத்தொன்று என்று காட்டியது. ஓடிப் போய்க் கதவைத் திறந்து பார்த்தால் அங்கே தொண்ணூற்றாறு.

வளையம். ஒரே கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஹப்பில். ஹப் ஒரு துளையில் கத்தியது அடுத்த துளை வழியாகத் தன்னிடமே வருகிறது. தன் குரலே தன்மேல் மோதுகிறது. மோதினால் எல்லாரும் நிறுத்தி, பொறுத்து, மறுபடி ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பித்தால் மறுபடி அதே. கடைசிவரை யாராலும் ஒரு வார்த்தை முழுதாகச் சொல்ல முடியாது. கொஞ்சம் நல்ல ஹப் என்றால் தொல்லை கொடுக்கும் துளையைத் தானே மூடிவிடும். இது அந்தப் புத்திகூட இல்லாத கிழம். நோயாளி திரும்பி வந்ததும் கேபிளைச் சுவரிலிருந்து பிடுங்கி மானிட்டரில் மாட்டுவார்கள். வளையம் போய்விடும். நான் படியேறி வந்து, குறை எதுவும் இல்லை என்று எழுதுவேன்.

அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன். "அக்கா, அதை அங்க சொருகச் சொன்னது யாரு?"

"நம்ம சிஸ்டர்தான் சக்கரை. உங்க வீட்டம்மா. நோயாளியைப் பார்க்க வந்தவங்க ஒருத்தர் போன மாசம் ஒயர் தடுக்கி விழுந்து மணிக்கட்டு ஒடஞ்சுதே, அப்போலேருந்து. தரையில கிடக்கக் கூடாது, சும்மா இருக்கற ஓட்டைல சொருகி வைங்கன்னாங்க. நல்ல யோசனைதானே?"

நல்ல யோசனைதான் அக்கா என்றேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஓடிப் போய் ஹப்பைக் கழற்றினேன். புது ஸ்விட்சை நானே மாட்டினேன். ஆகட்டும் சாரின் வேலை ஒரு நாள் முன்னாலேயே முடிந்தது. ஹப் இப்போது என் பைக்குள் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன், இரண்டு ஸ்பூனையும் ஒரு நூலையும் வைத்து விளக்கி. அவள் நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'உன் யோசனை' என்பதைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினேன். அவள் நிமிரவில்லை.

"அன்னிக்கு நாலாம் படுக்கை ஸ்கேனுக்குப் போச்சு. ஆள் பத்தலைன்னு அக்காவும் ஸ்ட்ரெச்சர் கூடப் போயிட்டாங்க, திரும்பி வந்தப்பதான் ஒன்பதைப் பார்த்தாங்க" என்றாள்.

"ம்."

"நான்தாங்க சொருகினேன்."

கையைப் பிடிக்கப் போனேன். அவளே என் கையைப் பிடித்தாள், வலிக்கிற மாதிரி.

"சொருகிட்டு வந்து மேசையில உட்கார்ந்தேன். திரையைப் பார்த்தேன். எழுபத்திரண்டு. எண்ணைத்தான் பார்த்தேன், கோடு ஓடுதான்னு பார்க்கலை. ஆனா பார்த்தேன். முழிச்சுட்டுதாங்க இருந்தேன். தூங்கலை நான். தூங்கலை."

அழுதாள். அன்றிலிருந்து இன்றுவரை அழாதவள். அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது, பார்க்கப் பயமாக இருந்தது. தலையணைக்கு அடியிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தாள்.

மார்ச் 25, புதன்

அறிக்கையை எழுதிக்கொண்டிருக்கிறேன். 'யாரோ ஒருவர் கேபிளின் மறுமுனையைக் காலிச் சாக்கெட்டில் சொருகியிருக்கிறார்' என்று எழுதினேன். யாருக்கும் தெரியாதே. அவளுக்கும் எனக்கும் மட்டும். ஹப்பின் தவறு, புதுப்பித்தவனின் தவறு, அதோடு முடியட்டும். ஏற்கெனவே பட்டது போதாதா?

தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"யாரோன்னு எழுதாதீங்க."

"ஏன் நீயா போய்த் தலையைக் குடுக்கற?"

"யாரோன்னு எழுதினா அது அக்காதான்னு எல்லாரும் அஞ்சு நிமிஷத்துல முடிவு பண்ணிடுவாங்க. அவங்க தலையில கட்டிட்டு நான் எப்படி அந்த வார்டுக்குள்ள போவேன்? பேரை எழுதுங்க."

சண்டை போட்டேன். கெஞ்சினேன். மகளைக் காட்டினேன். வெட்கம்கெட்டுப் போய், பெரியவர்தான் போய்விட்டாரே என்றுகூடச் சொன்னேன். அவள் பேனாவை எடுத்து என் கையில் வைத்தாள். கடைசியில் எழுதினேன். என் மனைவியின் பெயரை, என் கையெழுத்துக்கு மேலே.

நாளை என்ன ஆகும்? பயமாக இருக்கிறது. பத்தாம் தேதியைவிட அதிகப் பயம். அன்று அவள் செய்யாததற்கு. நாளை?

மார்ச் 26, வியாழன்

ஹப்பைப் பையிலிருந்து எடுத்து விசாரணை மேசை நடுவில் வைத்தேன். தூசி கொட்டியது. ஆகட்டும் சார் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடன்காரனைப் பார்த்த மாதிரி.

இரண்டு லேப்டாப்பை அதில் மாட்டி ஒன்றில் கடிகாரத்தை ஓடவிட்டு மற்றதில் காட்டினேன். ஓடியது. ஒரு கேபிளின் இரண்டு முனையையும் ஹப்பில் சொருகினேன். விளக்குகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. கடிகாரம் நின்றது. கண்காணிப்பாளர் டாக்டர் அருகே வந்து, கேபிளைத் தானே பிடுங்கினார். ஓடியது. சொருகினார். நின்றது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை செய்து பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"உங்க மெஷின்ல எந்தப் பதிவும் இல்லைன்னு சொன்னீங்களே?"

"அன்னிக்கு நான் சரியாத்தான் பதில் சொன்னேன் சார். அரைகுறையாத் தேடிட்டுச் சொன்னேன்." அவளைப் பார்த்துத்தான் சொன்னேன்.

யார் சொருகியது என்ற வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவள் எழுந்து நின்றாள். சக்கரை அக்காவுக்கும் நான்தான் அப்படிச் செய்யச் சொன்னேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றாள்.

அதுவரை பேசாத பெரியவரின் மகன் கேட்டார்: "அந்த நேரத்துல எங்க அப்பாவை நீங்க பார்த்தீங்களா?"

"திரையில பார்த்தேன். எழுபத்திரண்டு. எழுந்து உள்ள வந்து பார்த்திருக்கணும். வரலை."

அவர் தலைகுனிந்தார். "டீச்சர்னு சொல்வாரு. மாத்திரை குடுத்தாங்களான்னு கேட்டா, டீச்சர் விடுவாங்களான்னு" என்றார். எழுந்து வெளியே போய்விட்டார். அது மன்னிப்பா, வேறு என்னவோ. எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

முடிவு பிறகு சொல்வார்களாம். மேலே அனுப்பினாலும் அனுப்பலாம்.

மார்ச் 29, ஞாயிறு

முடிவு ஒன்றும் தெரியவில்லை. இவள் இன்னும் சோபாவில்தான். போர்வை மடித்தபடி.

ஏப்ரல் 1, புதன்

உறங்கினார் என்ற குற்றச்சாட்டு நீக்கம். மேலே அனுப்பவில்லை. நேரில் பார்க்கத் தவறியதற்கு எச்சரிக்கை, அது அவள் பெயரில் நிற்கும். பத்து அறைகளிலும் காலிச் சாக்கெட்டுகளுக்கு நான் மூடி போட்டாகிவிட்டது. மானிட்டருக்குத் தனி ஸ்விட்ச். ஆகட்டும் சாரை விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சக்கரை அக்கா போன் செய்து அரை மணி நேரம் அழுதார். திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போக வேண்டும், அதே வார்டு.

போவாயா என்றேன். "போகணும். மணிக்கொரு தடவை ஒவ்வொரு அறைக்கும் நேர்ல போய்ப் பார்க்கச் சொல்லப்போறேன், எல்லாரையும். நானும்தான்" என்றாள். சிரிக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மதியம் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்து பார்த்தால், நாளைக்குத் தேய்த்து வைத்த சீருடை நாற்காலியில் தொங்குகிறது, அவள் சோபாவில் ஒரு பக்கமாகச் சரிந்து, வாய் லேசாகத் திறந்து, ஒரு கை தரையில் தொங்க. ஜன்னல் வெளிச்சம் முகத்திலேயே விழுந்தது. அசையவில்லை. எனக்கு ஒரு நொடி பகீரென்றது. கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன், நேரில். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. திரையை இழுத்து மூடிவிட்டு, மடித்திருந்த போர்வையைப் பிரித்துப் போர்த்தினேன்.

மகள் விளையாடிவிட்டு உள்ளே ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

"அம்மா தூங்கிட்டாங்களாப்பா?"

"ஆமாம்மா" என்றேன். "தூங்கிட்டாங்க."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, நுனிக்காலில் நடந்து போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.